சற்றே முந்திப் பிறந்த குழந்தை

“குறைமாதம் என்றாலும் எடை இரண்டரை கிலோ இருக்கிறதே, டாக்டர்! அழாமல் சமர்த்தாகத் தூங்குகிறான்.” பிரசவ வார்டில் பாட்டிமார் மகிழ்ச்சியோடு இவ்வாறு சொல்லும்போதுதான் நாங்கள் சற்றுக் கவலை கொள்கிறோம்.

கர்ப்பத்தின் 34 வாரங்கள் நிறைந்து, 37 நிறையும் முன் பிறக்கும் குழந்தைகள் தோற்றத்தில் நிறைமாதக் குழந்தையைப் போலவே இருப்பார்கள். ஆயினும் 35ஆவது வாரத்தில் மூளையின் எடை நிறைமாத எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். நுரையீரலும் கல்லீரலும் முழுமையாக முதிர்ந்திருப்பதில்லை. (ஏழாம் மாதக் குழந்தை பிழைக்கும், எட்டாம் மாதக் குழந்தை பிழைக்காது என்னும் பழம்பேச்சில் உண்மை இல்லை.)

‘சமர்த்துத் தூக்கம்’ பெரும்பாலும் சோர்வே. இக்குழந்தைகள் பசித்தாலும் அழாமல் இருந்துவிடுவார்கள். நான்கு வாய் உறிஞ்சியதும் களைத்து உறங்கிவிடுவார்கள். பால் குறைந்தால் இரத்தச் சர்க்கரை குறையும், மஞ்சள் காமாலை கூடும்; காமாலை கூடினால் உறக்கம் மிகும், பால் மேலும் குறையும். எனவே அழுகைக்குக் காத்திராமல், இரண்டு அல்லது மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறை, இரவிலும் எழுப்பிப் பாலூட்டுங்கள். உறிஞ்ச இயலாவிடில் தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டலாம். சர்க்கரைத் தண்ணீரும் தேனும் வேண்டவே வேண்டாம்.

காமாலை இவர்களுக்கு ஐந்து முதல் ஏழு நாட்களில், அதாவது வீடு திரும்பிய பிறகே, உச்சத்தை அடைகிறது. இளவெயிலில் காட்டுவது சிகிச்சை ஆகாது. அளவு மிகையானால் மூளையையும் செவித்திறனையும் நிரந்தரமாகப் பாதிக்கும். உரிய நேரத்தில் அளிக்கும் நீலஒளிச் சிகிச்சையால் பெரும்பாலும் இதைத் தடுக்கலாம். வீடு சென்ற 48 மணி நேரத்திற்குள் மறுபரிசோதனைக்கு வரச் சொல்வது இதற்காகவே. ‘குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது’ என்று அதைத் தவறவிடாதீர்கள்.

தோலடிக் கொழுப்பு குறைவாதலால் உடல் விரைவில் குளிர்ந்துவிடும். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1970களின் இறுதியில், இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கிய கங்காரு பராமரிப்பு இன்று உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. மார்போடு தோல் படும்படி அணைத்துக்கொள்ளுங்கள். தந்தையும் செய்யலாம், கூச்சப்படும் தந்தையரே பின்னர் குழந்தையை இறக்கிவைக்க மனமின்றி அமர்ந்திருப்பதைக் கண்டிருக்கிறோம்!

நிமிடத்திற்கு 60 முறைக்கு மேல் மூச்சு, விலாப்பகுதி உள்வாங்குதல், பால் மறுத்தல், உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளாதல், உடல் சில்லிடுதல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும், நள்ளிரவானாலும் உடனே வாருங்கள்.

தடுப்பூசியைப் பிறந்த தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும். தலை நிற்பது, புரள்வது போன்ற வளர்ச்சியை மட்டும், பிரசவத்திற்குக் குறித்திருந்த தேதியிலிருந்து கணக்கிடுங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு வருந்த வேண்டியதில்லை.