போர்க்கைதி என்னும் பெயர்

போர்க்களத்தில் ஆயுதத்தைக் கீழே வைத்துப் பகைவர் கையில் அகப்பட்ட வீரன் யார்? அவன் குற்றவாளியா, பணயப் பொருளா, போர்க்கைதியா? இவ்வினாவிற்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே அவன் உண்ணும் உணவும், எழுதும் மடலும், வீடு திரும்பும் நாளும் அமைகின்றன. 2020ஆம் ஆண்டில் ஆர்மீனியாவிற்கும் அசர்பைஜானிற்கும் இடையே நிகழ்ந்த போரில் சிறைப்பட்ட ஆர்மீனிய வீரர்களின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டுகிறது.

சட்டம் சொல்வது

போர்க்கைதிகளை நடத்தும் முறையை வரையறுப்பது 1949 ஆகஸ்டு 12 அன்று உருவான மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையாகும். 143 பிரிவுகள் கொண்ட இவ்வுடன்படிக்கையை ஆர்மீனியா, அசர்பைஜான் ஆகிய இரு நாடுகளும் 1993இல் ஏற்றுக்கொண்டன. இதன்படி, கைதியிடம் விசாரணை நடத்துவோர் அவனிடமிருந்து கட்டாயமாகப் பெறக்கூடியவை பெயர், படைநிலை, பிறந்த நாள், படைப்பிரிவு எண் ஆகியவை மட்டுமே. முகாமை அடைந்த ஒரு வாரத்திற்குள் அவன் தன் குடும்பத்திற்கு ஓர் அட்டையேனும் எழுத வாய்ப்பளிக்க வேண்டும். பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவினர் அவனைத் தனிமையில் சந்தித்துப் பேச இசைவளிக்க வேண்டும்.

இவ்வுடன்படிக்கையின் 13ஆம் பிரிவு கைதியை அடித்தல், கொல்லுதல் ஆகியவற்றை விலக்குவதோடு நின்றுவிடவில்லை. அவனை இழிசொற்களிலிருந்தும், வேடிக்கை பார்க்கும் கூட்டத்தின் கண்களிலிருந்தும் காத்தல் வேண்டும் என்றும் பணிக்கிறது. சங்க இலக்கியம் பயின்றோர்க்கு இக்கருத்துப் புதியதன்று. சோழன் செங்கணானிடம் தோற்றுக் குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்த சேரமான் கணைக்கால் இரும்பொறை தண்ணீர் கேட்டான். அது உடனே வரவில்லை. காலந்தாழ்த்து வந்த நீரைப் பருகாமலே அவன் உயிர் துறந்தான் என்பது புறநானூற்றின் 74ஆம் பாடல் தொடர்பான செய்தி. நீர் கொடுத்தல் மட்டும் கைதியைப் பேணுதல் ஆகாது. கொடுக்கும் முறையும் அதில் அடங்கும்.

திருப்பி அனுப்புதலைப் பற்றிப் பேசும் 118ஆம் பிரிவு மிகச் சுருக்கமானது. போர் நடவடிக்கைகள் ஓய்ந்தவுடன் கைதிகளைக் காலந்தாழ்த்தாது விடுவித்துத் தாயகம் அனுப்ப வேண்டும் என்பதே அதன் சாரம். இவ்விதியின் பின்னே ஒரு கசப்பான பட்டறிவு உண்டு. 1929ஆம் ஆண்டின் பழைய உடன்படிக்கை கைதிகளின் விடுதலையைச் சமாதான ஒப்பந்தத்தோடு பிணைத்திருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அத்தகைய ஒப்பந்தம் எளிதில் கைகூடவில்லை. சோவியத் ஒன்றியத்தில் இருந்த ஜெர்மானியக் கைதிகளுள் கடைசிப் பிரிவினர் வீடு திரும்ப 1956 ஆயிற்று. அரசுகள் கைகுலுக்கும் வரை கைதி காத்திருக்கக் கூடாது என்பதற்காகவே 1949இல் விதி மாற்றி எழுதப்பட்டது.

நாற்பத்து நான்கு நாள் போர்

நாகோர்னோ-கராபாக் ஆர்மீனியர் பெரும்பான்மையாக வாழ்ந்த மலைநாடு. ஆயினும் சோவியத் காலத்தில் அசர்பைஜானின் பகுதியாக இருந்தது. 1990களின் தொடக்கத்தில் அதன்பொருட்டு மூண்ட போரில் ஆர்மீனியத் தரப்பு வென்றது. பல இலட்சம் அசர்பைஜானியர் தம் ஊர்களை இழந்து அகதிகளாயினர். 2020 செப்டம்பர் 27 அன்று மீண்டும் போர் மூண்டது. இம்முறை வெற்றி அசர்பைஜான் பக்கம் சென்றது. இருநாட்டுத் தலைவர்களும் ரஷ்ய அதிபரும் ஒப்பமிட்ட கூட்டறிக்கை நவம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. போர்க்கைதிகளையும் பணயக் கைதிகளையும் இறந்தோரின் உடல்களையும் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்பது அதன் எட்டாம் கூறு.

போர் நடந்துகொண்டிருந்தபோதே கைதிகள் துன்புறுத்தப்படும் காணொளிகள் சமூக ஊடகங்களில் பரவின. இரு தரப்பினரும் இழைத்த கொடுமைகளை ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2020 டிசம்பரில் ஆராய்ந்து உறுதிப்படுத்தியது. விடுதலையாகி வந்த ஆர்மீனிய வீரர்களிடம் கேட்டறிந்த ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு, காவலில் அவர்கள் அடித்து வதைக்கப்பட்டதை 2021 மார்ச்சில் பதிவு செய்தது.

இங்கே ஒரு முரண் நோக்கத்தக்கது. கைதியை இழிவுபடுத்தக் கைப்பேசியில் எடுக்கப்பட்ட படம் சட்டத்திற்கு முற்றிலும் புறம்பானது. ஆனால் மகனின் நிலை அறியாது தவித்த பெற்றோர்க்கு அவன் உயிரோடு பிடிபட்டான் என்பதற்குக் கிடைத்த ஒரே சான்றும் சில வேளைகளில் அதுவாகவே இருந்தது. அப்படங்களை வழக்கறிஞர்கள் திரட்டி ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் முன் வைத்தனர். அந்நீதிமன்றமும் கைதிகளைப் பற்றிய விவரங்களைத் தருமாறு அசர்பைஜானைக் கேட்டது. பெயர் ஒருமுறை நீதிமன்ற ஏட்டில் ஏறிவிட்டால், அப்படி ஒருவர் எம்மிடம் இல்லை என்று பின்னர் மறுப்பது எளிதன்று.

அறுபத்திருவர்

2020 டிசம்பர் 14 அன்று 44 ஆர்மீனியர்கள் விமானத்தில் எரவான் வந்து சேர்ந்தனர். 12 பேர் அசர்பைஜானுக்குத் திரும்பினர். அத்துடன் சிக்கல் தீர்ந்துவிடும் என்று பலரும் எண்ணினர். ஆனால் ஏறத்தாழ அதே நாள்களில் ஹாத்ருத் பகுதியின் சிற்றூர்களில் 62 ஆர்மீனிய வீரர்கள் பிடிபட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் வடமேற்கு ஆர்மீனியாவின் ஷிராக் மாநிலத்தைச் சேர்ந்தவர்கள்.

இவர்கள் போர்க்கைதிகள் அல்லர் என்று அசர்பைஜான் அறிவித்தது. போர்நிறுத்தம் வந்தபின் தம் மண்ணுக்குள் நுழைந்தவர்கள் ஆதலால் பயங்கரவாதிகள் என்பது அதன் வாதம். பெயர் மாறியதும் உரிமைகளும் மாறின. 2021 ஜூலையில் பாக்கு நகர நீதிமன்றம் அவர்களுள் 13 பேருக்கு, சட்டவிரோதமாக எல்லை கடந்தமை, ஆயுதம் வைத்திருந்தமை ஆகிய குற்றங்களுக்காக ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

இவ்வாதம் வலுவுடையதன்று. பிடிபட்டவரின் தகுதிநிலை பற்றி ஐயம் எழுந்தால், உரிய தீர்ப்பாயம் அதனை முடிவு செய்யும் வரை அவரைப் போர்க்கைதியாகவே காக்க வேண்டும் என்று உடன்படிக்கையின் 5ஆம் பிரிவு கூறுகிறது. போர்க்கைதி குற்றம் செய்திருப்பின் அவரை விசாரிக்கத் தடையில்லை. ஆனால் படைவீரர் ஒருவர் தம் அரசின் ஆணைப்படி ஆயுதம் ஏந்தியதே குற்றம் என்றால், உலகின் எந்தப் படைவீரரும் கைதியாகும் தகுதியை இழந்து குற்றவாளியாகிவிடுவார்.

வரைபடங்களும் மனிதர்களும்

சட்டம் நின்ற இடத்திலிருந்து பேரம் தொடங்கியது. அசர்பைஜான் மீட்ட நிலங்கள் கண்ணிவெடிகளால் நிறைந்திருந்தன. வெடிகள் புதைக்கப்பட்ட இடங்களைக் காட்டும் வரைபடங்கள் ஆர்மீனியாவிடம் இருந்தன. 2021 ஜூன் 4 அன்று கெல்பஜார் மாவட்டத்தில் வண்டியொன்று கண்ணிவெடியில் சிக்கி, ஊடகவியலாளர் இருவர் உட்பட மூவர் உயிரிழந்தனர். எனவே வரைபடம் கேட்ட அசர்பைஜானின் குறையை வெறும் சூழ்ச்சி என்று தள்ளுதல் நேர்மையாகாது.

எட்டு நாள் கழித்து, ஜூன் 12 அன்று, ஜார்ஜியாவின் வழியாக 15 கைதிகள் ஆர்மீனியாவிடம் ஒப்படைக்கப்பட்டனர். ஈடாக, அக்தாம் மாவட்டத்தில் இருந்த சுமார் 97,000 கண்ணிவெடிகளின் வரைபடங்கள் தரப்பட்டன. ஜூலை 3 அன்று மேலும் 15 பேர். இம்முறை ஃபிசூலி, சங்கிலான் மாவட்டங்களின் சுமார் 92,000 வெடிகளின் வரைபடங்கள். அதன்பின் 2021 டிசம்பரில் ரஷ்யாவும் ஐரோப்பிய ஒன்றியமும் தனித்தனியே முயன்று பத்துப் பத்துப் பேராகவும், 2022 பிப்ரவரியில் எட்டுப் பேராகவும் கைதிகள் விடுவிக்கப்பட்டனர்.

கைதிகள் வீடு சேர்ந்தனர். வெடிகளை அகற்றும் வேலையும் எளிதாயிற்று. இரண்டும் நன்மையே. ஆயினும் 118ஆம் பிரிவில் ஈடு என்னும் சொல்லே இல்லை. திருப்பி அனுப்புதல் கைப்பற்றிய அரசின் தனிக்கடமை. எதிர்த்தரப்பு எதையேனும் கொடுத்தால்தான் நிறைவேற்ற வேண்டிய கடமை அன்று. குடிமக்களைக் காக்க வரைபடம் தருவதும் அதுபோன்றதே. இரு கடமைகளும் ஒன்றுக்கொன்று விலையானபோது, அடுத்து எந்தப் பதினைவர் என்பதைச் சந்தை முடிவு செய்யும் நிலை உண்டாயிற்று. எஞ்சியோரின் தாய்மார் எரவான் தெருக்களில் போராடியதன் காரணம் இதுவே.

தி ஹேக் நகரிலுள்ள பன்னாட்டு நீதிமன்றம் 2021 டிசம்பர் 7 அன்று இடைக்கால ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. காவலில் உள்ளோரை வன்முறையிலிருந்து காக்குமாறும், சட்டத்தின் முன் அவர்களைச் சமமாக நடத்துமாறும் அது அசர்பைஜானுக்கு ஆணையிட்டது. எல்லாரையும் உடனே விடுவிக்குமாறு அது ஆணையிடவில்லை. 2022 செப்டம்பரில் எல்லையில் மீண்டும் மோதல் மூண்டபோது, சரணடைந்த ஆர்மீனிய வீரர்கள் சுட்டுக் கொல்லப்படும் காணொளி வெளியானது.

2023 டிசம்பர் 7 அன்று இரு அரசுகளும் இடையீட்டாளர் இன்றி நேரடியாகக் கூட்டறிக்கை வெளியிட்டன. அதன்படி டிசம்பர் 13 அன்று 32 ஆர்மீனிய வீரர்களும் 2 அசர்பைஜானிய வீரர்களும் எல்லையில் தத்தம் நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டனர். அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே கராபாக்கின் ஆர்மீனியருள் 1,00,000க்கும் மேற்பட்டோர் தம் மண்ணை விட்டு வெளியேறிவிட்டனர். அப்போது கைதான அப்பகுதியின் முன்னாள் தலைவர்கள் மீதான வழக்கு 2025 ஜனவரியில் பாக்குவில் தொடங்கியது. அப்போது அவர்களை ஆர்மீனியர் கைதிகள் என்றும், அசர்பைஜான் தரப்பினர் குற்றம் சாட்டப்பட்டோர் என்றும் அழைத்தனர்.

எந்தப் பட்டியலிலும் பெயர் ஏறாதவர்களும் உளர். 1990களின் போரில் மட்டும் இரு தரப்பிலும் 4,000க்கும் மேற்பட்டோர் காணாமற்போயினர். என்றேனும் எலும்புகள் கிடைத்தால் ஒப்பிட்டு அறிவதற்காக, அவர்களுடைய உறவினரிடம் மரபணு மாதிரிகளைச் செஞ்சிலுவைக் குழுவினர் திரட்டி வந்துள்ளனர்.