கடை கூடுதல் நேரம் திறந்தால் விற்பனை கூடுமா?

மாறாச் செலவு, மாறும் செலவு பாடத்துக்கு நான் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு, மாணவர்கள் தினமும் பார்க்கும் கடைவீதிதான்.

பத்து அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என 2019-இல் தமிழ்நாடு அரசு அனுமதித்தது. மூன்றாண்டுகளுக்கான அந்த அனுமதி 2022-இல் நீட்டிக்கப்பட்டது.

"இதனால் விற்பனை கூடுமா?" என்று கேட்டால், "கூடும்" என்பார்கள். அடுத்த கேள்வி: "வீட்டு வருமானம் கூடியதா?" மாதம் மூன்று கிலோ பருப்பு வாங்கும் குடும்பம், கடை இரவிலும் திறந்திருப்பதால் நான்கு கிலோ வாங்குவதில்லை. பெரும்பாலும் வாங்கும் நேரமும் கடையும்தான் மாறுகின்றன.

பிறகு ஏன் திறக்கிறார்கள்? வாடகை மாறாச் செலவு; பத்து மணி நேரம் திறந்தாலும் இருபது மணி நேரம் திறந்தாலும் அதே தொகைதான். கூடுதல் நேரத்துக்குக் கூலியும் மின்கட்டணமும் மட்டுமே கூடும். அந்நேர வரவு இவற்றைத் தாண்டினால் லாபம். பெரிய கடை ஆட்களைச் சுழற்சி முறையில் அமர்த்தும். கணவனும் மனைவியும் நடத்தும் மளிகைக் கடைக்கோ, வாய்ப்புச் செலவு அவர்களின் தூக்கம்.

இங்கிலாந்தில் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு விதமானது. 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் ஞாயிறன்று ஆறு மணி நேரமே திறக்கலாம். சிறு கடைகளுக்கு அந்த வரம்பு இல்லை. எல்லைக்கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்தே யாருக்குச் சாதகம் என்பது அமைகிறது.

நுகர்வோருக்கு உண்மையான பயன் உண்டு. இரவுப் பணி முடித்து வரும் செவிலியருக்கு நேரம் மிச்சமாகிறது. விற்பனைக் கணக்கில் அது தெரியாது.

பணியாளருக்கு? கடை திறந்திருக்கும் நேரம் வேறு, ஒருவர் வேலை செய்யும் நேரம் வேறு. அரசாணைப்படி வேலை நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. மிகைநேரம் சேர்த்தாலும் நாளுக்குப் பத்தரை, வாரத்துக்கு 57 மணியைத் தாண்டக் கூடாது. வாரம் ஒரு நாள் விடுப்பு உண்டு. பெண்களை இரவு 8 மணிக்கு மேல் பணியமர்த்த அவர்களின் எழுத்துப்பூர்வ சம்மதமும் பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும்.

நம் மாணவர் பலரின் பெற்றோர் ஜவுளிக்கடையிலும் பாத்திரக்கடையிலும் வேலை செய்பவர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் சில மாணவர்களும் அங்கே செல்வார்கள். அவர்களுக்கு இந்த எண்கள் தேர்வுக்கு மட்டுமானவை அல்ல.

செயல்பாடாக, முதலாளி, பணியாளர், வாடிக்கையாளர் மூவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு வரச் சொல்லுங்கள்: "கடை இரண்டு மணி நேரம் கூடுதலாகத் திறந்திருந்தால் உங்களுக்கு என்ன கிடைக்கும், என்ன போகும்?" மறுநாள் கரும்பலகையில் பதில்களை மூன்று பத்திகளாக எழுதினால், பாடத்தை மாணவர்களே நடத்திவிடுவார்கள்.