இரண்டாமிடத்துக்குப் பரிசில்லாத மேசை

மாலையில் பனி இறங்கியதும் வீட்டுக்குள் ஒடுங்கிவிடும் ஊர் கந்தப்பளை. நுவரெலியாவிலிருந்து இராகலைக்குச் செல்லும் பாதையில், தேயிலை மலைகளும் மரக்கறித் தோட்டங்களும் சூழ, ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்தது. இத்தகைய குளிர் நாட்டில் நாலு பேர் கூடினால் சீட்டுக்கட்டு வெளிவருவதில் வியப்பில்லை. இலங்கைத் தமிழர் நன்கறிந்த சீட்டாட்டம் '304'. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என்று கூட்டினால் ஓர் இனத்துக்கு 76 புள்ளி. நான்கு இனத்துக்கும் 304. பெயரிலேயே கணக்கு அடங்கியிருக்கிறது.

அவ்வாட்டத்தை நால்வர் இருவர் இருவராகச் சேர்ந்து ஆடும்போது, ஒருவர் பிழைவிட்டால் அவருடைய சோடி தாங்கிக்கொள்ளலாம். ஆனால் இன்று கைத்தொலைபேசித் திரையில் இளைஞரை அழைக்கும் போக்கர் ஆட்டத்தில் சோடி என்பதே இல்லை. அதிலும் 'ஷூட்அவுட்' என வழங்கும் போட்டிமுறை மிகக் கடுமையானது. அதன் சூட்சுமத்தை விளங்கிக்கொள்வது சீட்டுத் தொடாதவர்களுக்கும், சிறப்பாக மாணவர்களுக்கும், பயன் தரும்.

ஆட்டத்தின் அமைப்பு

போக்கரில் பல வகை உண்டு. பெரும்பாலும் ஆடப்படுவது 'டெக்சாஸ் ஹோல்டெம்'. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகக் கொடுக்கப்படும். மேசை நடுவே ஐந்து சீட்டுகள் படிப்படியாகத் திறக்கப்படும். ஆக ஏழு சீட்டுகளில் சிறந்த ஐந்தைக் கொண்டு வெற்றி நிச்சயிக்கப்படும். இடையிடையே காசுக்கு ஈடான வட்டக் காய்களைப் பந்தயமாக வைப்பர். எதிராளி அதே அளவு வைக்கலாம், கூட்டலாம், அல்லது சீட்டைக் கீழே போட்டு விலகலாம். எல்லோரும் விலகிவிட்டால், எஞ்சியவர் தம் சீட்டைக் காட்டாமலே வென்றவராவார். ஆதலால் வெறுங் கையோடு மிரட்டுவதும் ஆட்டத்தின் ஓர் அங்கமாகும். கணித மேதை ஜான் வான் நாய்மன், ஆஸ்கர் மோர்கன்ஸ்டெர்னுடன் 1944ஆம் ஆண்டு வெளியிட்ட விளையாட்டுக் கோட்பாட்டு நூலில் போக்கரை ஆராய்ந்து, இத்தகைய மிரட்டல் வெறும் துணிச்சலன்று, கணக்கின்படியே தேவையானது என்று நிறுவினார்.

ஷூட்அவுட் என்பது யாது?

சாதாரணப் போட்டியில், ஆட்டக்காரர் தோற்று வெளியேற வெளியேற மேசைகள் கலைக்கப்பட்டு ஒன்று சேர்க்கப்படும். சேர்த்த காய்களுடனேயே அடுத்த மேசைக்குச் செல்லலாம். பத்தில் ஒரு பங்கினருக்கோ அதற்குச் சற்று மேற்பட்டோருக்கோ பரிசு கிடைக்கும்.

ஷூட்அவுட்டில் மேசை கலைவதில்லை. ஒரு மேசையில் அமர்ந்த பத்துப் பேரில் ஒருவர் எஞ்சும்வரை ஆட்டம் நடக்கும். ஆயிரம் பேர் வந்தால் முதற் சுற்றில் நூறு மேசைகள். அவற்றில் வென்ற நூறு பேருக்கு அடுத்த சுற்றில் பத்து மேசைகள். அவற்றில் வென்ற பத்துப் பேருக்கு இறுதி மேசை. முதல் மேசையில் இரண்டாவதாக வந்தவரும் பத்தாவதாக வந்தவரும் ஒன்றே. இருவரும் வெறுங்கையுடன் வெளியேறுவர். வென்றவர்களோ அடுத்த மேசையில் மீண்டும் சம அளவு காய்களுடன் தொடங்குவர். எவ்வளவு பிரமாதமாக வென்றிருந்தாலும் முன்னைய வெற்றி அங்கே துணைக்கு வராது.

கையாள வேண்டிய உபாயங்கள்

முதலாவது, குறிக்கோளில் தெளிவு வேண்டும். சாதாரணப் போட்டியில் தப்பிப் பிழைப்பதற்கே ஒரு விலையுண்டு. பிறர் தோற்கும்வரை பதுங்கியிருந்தவரும் சிறு பரிசு பெறக்கூடும். இங்கோ பதுங்கலுக்குப் பரிசில்லை. பத்துப் பேரிடமும் ஆயிரம் காய்கள் வீதம் உள்ளன என்று கொள்வோம். அனைவரும் சம ஆற்றலுடையோராயின் ஒருவர் மேசையை வெல்லும் வாய்ப்பு பத்தில் ஒன்று. அவர் தம் காய்களை இரண்டாயிரமாக்கினால் வாய்ப்பும் பத்தில் இரண்டாகும். காய் பெருகும் அளவுக்கு வாய்ப்பும் பெருகுவதால், தமக்குச் சிறிதளவேனும் சாதகமான பந்தயத்தைக் கண்டு அஞ்சத் தேவையில்லை.

எனினும் திறமை மிக்கவர் தொடக்கத்தில் அவசரப்படலாகாது. நூற்றுக்கு எண்பது வெற்றி வாய்ப்புள்ள பந்தயம் ஒன்றில் கையிலுள்ள அனைத்தையும் வைப்பதாகக் கொள்வோம். ஒரு முறையாயின் நன்று. ஐந்து முறை அடுத்தடுத்து வைத்தால் ஐந்திலும் தப்பும் வாய்ப்பு நூற்றுக்கு முப்பத்துமூன்றுக்கும் குறைவே. மாணவர்கள் 0.8ஐ ஐந்து முறை பெருக்கிப் பார்க்கட்டும். ஆகவே கட்டாயப் பந்தயம் சிறிதாக இருக்கும் வேளையில், சிறு சிறு வெற்றிகளாலேயே முன்னேறுதல் விவேகம்.

இரண்டாவது, மேசையில் ஆள் குறையும்போது சீட்டின் மதிப்பு மாறுகிறது. பத்துப் பேர் நடுவில் ஆசும் ஒரு சிறு சீட்டும் நம்பத்தகாத கை. இருவர் மட்டுமே எஞ்சியபோது அதே கை நல்ல கையாகிவிடும். முதல் இரண்டு சீட்டும் ஆசாக அமைவது 221 முறைக்கு ஒரு முறையே. அதற்காகக் காத்திருப்பவரை, நேரத்துக்கு நேரம் ஏறிச் செல்லும் கட்டாயப் பந்தயமே விழுங்கிவிடும்.

மூன்றாவது, எதிராளிகளைக் கவனித்தல். இம்முறையில் நடுவே புதிதாக எவரும் வந்து அமர்வதில்லை. தொடக்கத்தில் கண்ட அதே ஒன்பது பேரில் ஒருவரோடுதான் இறுதியிலும் மோத வேண்டும். யார் பயந்தவர், யார் மிரட்டுபவர் என்று முதல் நாழிகையில் அறிந்தது கடைசி நாழிகையில் கைகொடுக்கும்.

நான்காவது, இருவர் மட்டுமே மோதும் தனிப்போர்ப் பயிற்சி. சாதாரணப் போட்டியின் வெற்றியாளர் இறுதியில் ஒரே முறை தனிப்போர் புரிகிறார். மூன்று சுற்று ஷூட்அவுட்டின் வெற்றியாளரோ அதனை மூன்று முறை வெல்ல வேண்டும். இதில் தேர்ச்சியில்லாதவர் ஒன்பதாம் இடத்திலிருந்து இரண்டாம் இடம்வரை ஏறியும் பயனில்லை.

ஐந்தாவது, இறுதி மேசை. அங்கே பெரும்பாலும் ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனிப் பரிசு உண்டு. அப்போதுதான் தற்காப்புக்கு மதிப்பு வருகிறது. சட்டம் மாறியதும் தந்திரமும் மாற வேண்டும்.

குடும்பங்கள் அறிய வேண்டிய கணக்கு

இத்தனை உபாயங்களையும் கற்றுத் தேர்ந்த ஒருவர், சராசரி ஆட்டக்காரரைப்போல் இரு மடங்கு வெற்றி வாய்ப்புடையவர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மேசையை அவர் வெல்லும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று. மூன்று மேசைகளையும் வெல்லும் வாய்ப்பு 125இல் ஒன்று. எஞ்சிய 124 முறையும் அந்தத் திறமைசாலியே தோல்வியுற்று வீடு திரும்புவார். முதல் மேசையைத் தாண்டாமலே ஐந்தில் நான்கு முறை திரும்புவார். இதற்குமேல், காசுப் போட்டி நடத்துவோர் நுழைவுக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் தமக்கென எடுத்துக்கொள்வது வழக்கம்.

போக்கர் திறமையாட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்ற வழக்கு தமிழகத்தில் நீதிமன்றம் ஏறியது. இணையச் சூதாட்டத்தைத் தடுக்க 2022ஆம் ஆண்டு தமிழ்நாடு இயற்றிய சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாக வகுத்தது. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அவ்விரண்டும் திறமையாட்டங்களே எனக் கூறி, அவ்வகுப்பைச் செல்லாததாக்கியது. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றமோ, திறமை, அதிர்ஷ்டம் என்ற பாகுபாடே பாராமல், காசு வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை ஒட்டுமொத்தமாகத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. நீதிமன்றம் சொன்னதிலும் உண்மையுண்டு. சட்டமியற்றியோர் அஞ்சியதிலும் உண்மையுண்டு. திறமை தேவைப்படும் ஆட்டத்திலும் கைக்காசு தொலையும் என்பதை மேலே கண்ட கணக்கே காட்டுகிறது.

பனியிலும் மழையிலும் கொழுந்து பறித்து ஈட்டிய கூலி இத்தகைய மேசைக்கு உரியதன்று. 'எனக்கு ஆட்டம் தெரியும்' என்று சொல்லும் பிள்ளையிடம் பெற்றோர் சினந்து பயனில்லை; அந்த 125இல் ஒன்று என்னும் கணக்கை அவனையே போட்டுப் பார்க்கச் சொல்வது நல்லது.

மூளைக்குப் பயிற்சியாக ஆட விரும்புவோர் விடுமுறை நாளில் பதினாறு பேர் கூடலாம். நாலு பேருக்கு ஒன்றாக நான்கு மேசை. காசுக்குப் பதிலாக ஆளுக்கு ஐம்பது போஞ்சி விதை. நான்கு வெற்றியாளர்கள் மீண்டும் ஐம்பது ஐம்பதாக எடுத்துக்கொண்டு இறுதி மேசையில் அமரட்டும். ஷூட்அவுட்டின் நுட்பம் முழுவதும் ஒரே மாலையில் விளங்கிவிடும். ஆட்டம் முடிந்ததும் விதைகளைப் பொறுக்கிப் பையில் போட்டு, அடுத்த போகத்துக்கு எடுத்து வைக்கலாம்.