சந்தேகப்படத் தெரிந்த கணினி

அமெரிக்காவில் 2004 மாடலாக விற்பனைக்கு வந்த சுபாரு இம்ப்ரெஸா டபிள்யுஆர்எக்ஸ் எஸ்டிஐ காரில், முன்சீட்டுப் பயணி கால் நீட்டும் இடத்தில் கம்பளத்தை விலக்கி ஓர் உலோகத் தகட்டைக் கழற்றினால், தட்டையான சின்னப் பெட்டி ஒன்று தென்படும். எஞ்சினை ஆளும் கணினி அது. மெக்கானிக்குகள் ஈசியு என்பார்கள். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ எஞ்சினிலிருந்து இன்னும் சக்தி கறக்க ஆசைப்பட்டவர்கள் பலர் முதலில் கழற்றியது இதைத்தான். ஆஸ்திரேலியாவின் மோடெக், ஹால்டெக், நியூசிலாந்தின் லிங்க் போன்ற நிறுவனங்களின் கணினியை அங்கே பொருத்தினார்கள். பிறகு அவர்களில் சிலர் பழைய பெட்டியையே தேடியெடுத்துத் திரும்ப மாட்டினார்கள். அதற்கு நல்ல காரணம் இருந்தது.

இந்தப் பெட்டியின் வேலைச்சுமையை முதலில் பார்ப்போம். எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும்போது நொடிக்கு 100 சுற்று. நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து நொடிக்கு 200 தீப்பொறி. கிராங்க் ஷாஃப்ட் ஒரு பாகை திரும்ப ஆகும் நேரம், ஒரு நொடியில் 36,000இல் ஒரு பங்கு. சில பாகை முந்திப் பொறி பாய்ந்தால் எஞ்சினுக்கே ஆபத்து. பிந்தினால் சக்தி வீண். இத்தனையையும் கணக்கிடுவது நொடிக்கு 4 கோடி முறை துடிக்கும் ஒரு சில்லு. அதன் நிரலும் அட்டவணைகளும் மொத்தம் 512 கிலோபைட்டில் அடங்கிவிடுகின்றன. இன்றைய கைபேசியில் எடுக்கும் ஒற்றைப் புகைப்படமே பெரும்பாலும் இதைவிடப் பெரிது.

எஞ்சினுக்குப் பெட்ரோலைவிடக் காற்றுதான் அதிகம் வேண்டும். 1 கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று. லிட்டரில் சொன்னால் வியப்பு கூடும்: 1 லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று. மொட்டைமாடியில் வைக்கும் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டிகள் ஒன்பது நிறைய! இந்தக் காற்றை அளந்தால்தான் பெட்ரோலை அளந்துவிட முடியும். வெளியில் வாங்கிப் பொருத்தும் கணினிகள் பெரும்பாலும் காற்றை நேராக அளப்பதில்லை. உள்குழாயின் அழுத்தம், வெப்பநிலை, எஞ்சின் வேகம் ஆகியவற்றை வைத்து ஊகிக்கும். சுபாருவின் கணினியோ காற்றை எடைபோடுகிறது. ஏர்ஃபில்டரை அடுத்து, குழாய்க்குள் சூடேற்றிய மெல்லிய கம்பி ஒன்று இருக்கிறது. ஓடும் காற்று கம்பியைக் குளிரவைக்கும். அதைச் சூடு குறையாமல் வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறதோ, அதிலிருந்து காற்றின் எடை தெரிந்துவிடும். மலைமேல் காற்று மெலிந்தாலும் வெயிலில் விரிந்தாலும் கம்பி ஏமாறாது.

ஆனால் கம்பியை ஏமாற்ற ஒரு வழி உண்டு. டர்போ கார் ஓட்டுபவர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் 'ப்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கேட்கும். தேங்கிய அழுத்தக் காற்றை ஒரு வால்வு வெளியே விடுகிறது. ட்யூன் செய்யப்பட்ட கார்களின் பெருமையே அந்தச் சத்தம்தான். அழுத்தத்தை வைத்து ஊகிக்கும் கணினிக்கு இதனால் தொந்தரவில்லை. கம்பியோ அந்தக் காற்றை ஏற்கெனவே எடைபோட்டுக் கணக்கில் சேர்த்துவிட்டது. உள்ளே வராத காற்றுக்கும் சேர்த்துக் கணினி பெட்ரோலை விட, சைலன்சரில் கரும்புகை. ஆகவே பழைய கணினிக்குத் திரும்புபவர், மிஞ்சிய காற்றை டர்போவின் உறிஞ்சுகுழாய்க்கே திருப்பிவிடும் வால்வைப் பொருத்தியாக வேண்டும்.

அடுத்தது இன்ஜெக்டர், பெட்ரோலைத் தூவும் மின்காந்த வால்வு. இந்தக் காரோடு வந்தவை நிமிடத்துக்குச் சுமார் 550 மில்லிலிட்டர் விடுபவை. ட்யூன் செய்தவர்கள் 1,000 மில்லிலிட்டர் இன்ஜெக்டரைக்கூடப் போட்டிருப்பார்கள். இந்தப் புது அளவைக் கணினிக்குச் சொல்ல ஓர் எண்ணை மாற்றினால் போதும். நுட்பமான விஷயம் தாமதம். மின்சாரம் கொடுத்த கணமே இன்ஜெக்டர் திறந்துவிடாது. ஏறத்தாழ 1 மில்லிநொடி, அதாவது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆகும். கார் நின்றபடி ஐடிலிங்கில் ஓடும்போது மொத்தமே 2, 3 மில்லிநொடிதான் மின்சாரம் கொடுப்பதால், இந்தத் தாமதத்தில் சிறு பிழை வந்தாலும் எஞ்சின் குலுங்கும். ஹெட்லைட்டும் ரேடியேட்டர் ஃபேனும் ஒருசேர ஓடி வோல்டேஜ் சரிந்தால் வால்வு இன்னும் மெதுவாகத் திறக்கும். அதற்கென்றே கணினிக்குள் ஓர் அட்டவணை இருக்கிறது.

என்னை மிகவும் கவர்ந்தது இதன் கேட்கும் திறன். தீச்சுடர் சிலிண்டருக்குள் சீராகப் பரவ வேண்டும். சூடும் அழுத்தமும் மிஞ்சினால், சுடர் வந்து சேரும் முன்பே ஓரத்துக் கலவை தானாக வெடித்துவிடும். இதுதான் நாக்கிங். இந்த எஞ்சினில் பிஸ்டன் வளையங்களுக்கு இடையே உள்ள மெல்லிய விளிம்பு அதனால் உடைந்துபோவது சுபாரு வட்டாரத்தில் எல்லோரும் அஞ்சும் விஷயம். வெடிப்பின் அலை சிலிண்டர் சுவர்களில் மோதி எதிரொலிக்கும். 99.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரில் அந்த ஒலி நொடிக்கு ஏறத்தாழ 6,000 அதிர்வு. எஞ்சின் உடலில் திருகியிருக்கும் ஓர் உணரி, அதாவது சென்சார், அதிர்வை மின்சாரமாக மாற்றித் தரும். வால்வுகளின் தட்டலையும் பிஸ்டனின் இரைச்சலையும் நாக்கிங் என்று நினைத்துவிடாமலிருக்க, ஒவ்வொரு பொறிக்கும் பிறகு நாக்கிங் வரக்கூடிய சில பாகைகளில் மட்டும் கணினி காதுகொடுக்கும்.

கேட்டதை வைத்து அது நடந்துகொள்ளும் விதம் இன்னும் அழகு. பொறி எத்தனை பாகை முந்திப் பாய வேண்டும் என்பதற்கு இரண்டு அட்டவணைகள் வைத்திருக்கிறார்கள். ஒன்று பத்திரமான அடிப்படை அளவு. மற்றது நல்ல பெட்ரோல் கிடைத்தால் கூடுதலாகச் சேர்க்கக்கூடிய அளவு. இரண்டாவதை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு 0 முதல் 1 வரை ஒரு பெருக்கெண். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் கற்றதெல்லாம் மறந்து, வழக்கமாக 0.5இல் தொடங்கும். ஓரிடத்தில் அடிப்படை 10 பாகை, கூடுதல் 8 பாகை என்று வைத்துக்கொள்வோம். முதலில் 14 பாகையில் ஓட்டிப் பார்க்கும். நாக்கிங் வராவிட்டால் படிப்படியாக 18 வரை ஏற்றும். மட்டமான பெட்ரோல் நிரப்பிவிட்டால், சத்தத்தைக் கேட்டுப் பெருக்கெண்ணை இறக்கிவிடும். இதுபோக, எந்த வேகத்தில், எவ்வளவு சுமையில் நாக்கிங் வந்தது என்று கட்டம் கட்டமாகக் குறித்துவைத்து, அந்த இடத்தில் மட்டும் பொறியைப் பிந்தவிடும். புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் உணரியைக் கொண்டு பெட்ரோல் கணக்கையும் இப்படியே திருத்திக்கொண்டிருக்கும்.

அந்தக் காலத்தில் பொருத்தப்பட்ட வெளிக் கணினிகள் பலவற்றில் நாக்கிங் உணரியை இணைக்காமலே விட்டார்கள். ட்யூனர் ஒரு நாள் காரைச் சோதனை உருளையில் ஏற்றி, அன்றைய பெட்ரோலுக்கும் அன்றைய வானிலைக்கும் எண்களை நிரப்புவார். கணினி அதை அப்படியே நிறைவேற்றும். உறைபனிக் காலையிலும் பாலைவன மதியத்திலும் கார் ஒரே சாவித் திருப்பலில் கிளம்ப வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் ஆண்டுக்கணக்கில் சோதித்துச் சேர்த்த எண்களை ஒரு நாளில் நிரப்பிவிட முடியாது.

இவ்வளவு நல்ல பெட்டியை ஏன் கழற்றினார்கள்? உள்ளே எழுதியிருந்ததை மாற்ற வழி தெரியாததால்தான். அமெரிக்காவில் 1996 மாடல் முதல் எல்லாக் கார்களிலும் ஒரே வகையான பரிசோதனைச் செருகுவாய் கட்டாயமானது. அழித்து எழுதக்கூடிய நினைவகமும் கணினிக்குள் வந்தது. இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், ஆர்வலர்கள் சுபாருவின் நிரலைப் பிரித்துப் படித்து, எந்த எண் எதற்கு என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள். ஈசியுஃபிளாஷ், ரோம்ரெய்டர் என்ற இலவச மென்பொருள்கள் பிறந்தன. ஒரு லேப்டாப்பும் கேபிளும் போதும் என்றாயிற்று. பெரிய டர்போவின் காற்றைச் சூடான கம்பியால் அளக்க முடியாமல் போனபோது, நினைவகத்தில் காலியாகக் கிடந்த இடத்தில் அழுத்தத்தை வைத்து ஊகிக்கும் புது நிரலையே எழுதிச் சேர்த்தார்கள்! அடிப்படை ஆவணம் எதுவும் கையில் இல்லாமல் இதைச் செய்தது பெரிய சாதனை.

பந்தயத்துக்கு மட்டுமே ஓடும் காருக்கு வெளிக் கணினிதான் ஏற்றது; அதன் புதிய மாடல்கள் நாக்கிங்கையும் நன்றாகவே கேட்கின்றன. தினமும் அலுவலகத்துக்கும் கடைக்கும் போகிற காருக்கு என் தேர்வு தொழிற்சாலைக் கணினி. மாற்றுபவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: கணினியைத் திரும்ப மாட்டியதும் அது பல சுயபரிசோதனைகளைப் புதிதாகத் தொடங்கும். அவை முடியச் சில நாள் சாதாரணமாக ஓட்ட வேண்டும். அதற்குமுன் புகைப் பரிசோதனைக்குப் போய்ப் பயனில்லை. கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. 2021 ஜூலை 19 முதல் அங்கே காரின் மென்பொருளையும் சோதிக்கிறார்கள். தயாரிப்பாளர் தந்ததாகவோ, மாநிலத்தின் காற்று வள வாரியம் ஏற்றதாகவோ இல்லாத மென்பொருள் கணினிக்குள் இருந்தால், புகை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்தக் கார் பரிசோதனையில் தேறாது.