சர்வருக்குத் தெரியாத நாற்பது நிமிடங்கள்

போன கோடையில், தில்லி வெயிலுக்குப் பயந்து அறையை இருட்டாக்கிக்கொண்டு, ஓர் இணையதளத்தில் புகார் எழுதினேன். எந்தத் தளம் என்பது இங்கே வேண்டாம். ரசீது எண், தேதி, யார் என்ன சொன்னார்கள் என்று ஒன்று விடாமல் நாற்பது நிமிடம் தட்டி, திரும்பப் படித்து, பொத்தானை அழுத்தினேன். ‘செஷன் எக்ஸ்பயர்ட்’ என்று ஒரே ஒரு வரி வந்தது. பின்னால் போய்ப் பார்த்தால் பெட்டி துடைத்துவிட்ட பலகை மாதிரி இருந்தது. கரண்ட் போகவில்லை, வைஃபையும் அறுபடவில்லை. எரிச்சலோடு இரண்டாம் முறை எழுதிய புகார் முதலாவதில் பாதிகூட வரவில்லை.

தட்டிக்கொண்டேதானே இருந்தேன், சும்மா இருந்தவனைப் போல ஏன் வெளியே தள்ளினார்கள்? பதில் கொஞ்சம் வேடிக்கையானது. பெட்டிக்குள் நாம் தட்டும் எழுத்துகள் பெரும்பாலான படிவங்களில் உடனுக்குடன் சர்வருக்குப் போவதில்லை. நம் கணினியின் ரேம் நினைவகத்தில், அந்தப் பக்கம் உயிரோடு இருக்கும்வரை மட்டும் தங்கியிருக்கின்றன. பொத்தானை அழுத்தியதும்தான் மொத்தமும் ஒரே மூட்டையாகக் கிளம்புகிறது. அதுவரை, விடாமல் தட்டுகிறவரும் நாற்காலியில் தூங்கிப்போனவரும் சர்வருக்கு ஒன்றுதான்.

இணையத்தின் அடிப்படையான எச்டிடிபி நெறிமுறைக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையும் அதற்குப் புது ஆள். இதைச் சமாளிக்க 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டுலி கண்டுபிடித்ததுதான் குக்கி. கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு வாங்கும் வில்லை மாதிரி. கடைக்காரருக்கு நம் முகம் தெரியாது. வில்லையின் எண்ணைப் பார்த்து ஜோடியை எடுத்துத் தருவார். கடை மூடிய பிறகு வில்லையை நீட்டிப் பயனில்லை. நம் வருகைக்கு (அதுதான் செஷன்) சர்வர் வைத்திருக்கும் கெடுவும் அப்படித்தான். ஆபத்து குறைந்த தளங்களுக்கு 15 முதல் 30 நிமிடம், பணம் புரளும் தளங்களுக்கு 2 முதல் 5 நிமிடம் என்பது ஓவாஸ்ப் என்ற பாதுகாப்பு அமைப்பு குறிப்பிடும் வழக்கமான அளவு. நெட் சென்டரில் நாம் எழுந்துபோன நாற்காலியில் அடுத்தவர் உட்காரும் ஊரில், இந்தக் கெடுவை வீண் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கெடுவுக்காக எழுதியதையும் சேர்த்து அழிக்க வேண்டியதில்லை.

செல்பேசியில் இந்த இழப்பு வேறு வடிவத்தில் வரும். படிவத்தின் நடுவே ஓடிபி கேட்கும். குறுஞ்செய்தியைப் பார்க்கப் போவோம். நினைவகம் போதாத போன், அந்த இடைவெளியில் பிரௌசர் பக்கத்தைத் தூக்கிப் போட்டுவிடும். திரும்பி வந்தால் பக்கம் புதிதாக ஏறும். கையில் ஓடிபி இருக்கும், படிவம் இருக்காது.

சத்தமே இல்லாமல் போகிற எழுத்துகளும் உண்டு. மத்திய அரசின் தகவல் அறியும் உரிமை (ஆர்டிஐ) இணையதளத்தை எடுத்துக்கொள்வோம். 2013 முதல் நடக்கிறது. பத்து ரூபாய் கட்டணத்தில் வீட்டிலிருந்தே தில்லி அமைச்சகங்களைக் கேள்வி கேட்கலாம். அதன் வழிகாட்டுக் குறிப்பு கேள்விக்கான கட்டத்துக்கு 3,000 குறியீடு என்று வரம்பு போட்டது. மிஞ்சினால் பிடிஎஃப்பாக இணைக்க வேண்டும். கட்டத்துக்குள் ஆங்கில எழுத்து, எண், எண்ணிவிடக்கூடிய சில நிறுத்தக்குறிகள் மட்டும்தான் செல்லும் என்றும் சொன்னது. மேற்கோள் குறி அந்தப் பட்டியலில் இல்லை. தரவுத்தளத்துக்குள் திருட்டுக் கட்டளையை நுழைக்கிறவர்களின் பழைய ஆயுதம் ஒற்றை மேற்கோள் குறி; அந்தப் பயத்தில் சல்லடையை இறுக்கிய தளங்கள் ஏராளம். வேர்டில் எழுதி ஒட்டுகிறவர்களுக்கு இது தொல்லை, ஏனென்றால் வேர்டு தானாகவே வளைந்த மேற்கோள் குறிகளைப் போடும். நோட்பேட் போடாது.

வரம்பை மீறி ஒட்டினால் என்ன ஆகும்? பெட்டியில் உச்சவரம்பு குறிக்கப்பட்டிருந்தால், மிச்சத்தை பிரௌசர் அப்படியே நறுக்கிவிடும். எச்சரிக்கை கிடையாது. தமிழில் எழுதுகிறவருக்கு வெட்டு இன்னும் சீக்கிரம் விழும். ‘விண்ணப்பம்’ நமக்கு ஆறெழுத்து. யூனிகோட் கணக்கில் பத்து, புள்ளியும் இகரக் குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால். ‘ஸ்ரீ’ ஒன்றே நான்கு.

இவ்வளவுக்கும் மருந்து எளிது. தட்டத் தட்ட பிரௌசரின் சொந்தக் கிடங்கான லோக்கல் ஸ்டோரேஜில் நகல் வைக்கச் சில வரி நிரல் போதும். ஒரு தளத்துக்குச் சுமார் 5 எம்பி இடம் உண்டு, நாவலே அடங்கும். (பொதுக் கணினியில் ஆதார் எண்ணை அப்படி விட்டுவைக்கக் கூடாதுதான்.) கெடு முடியும்முன் பயனரை எச்சரித்து, நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 விநாடி கொடுப்பது இன்னொரு வழி. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் நெறிகள் 2008-லேயே இதைச் சொல்லிவிட்டன. அந்த நெறிகளின் பிந்தைய பதிப்பைத்தான் 2023-இல் வந்த இந்திய அரசு இணையதள வழிகாட்டியும் பின்பற்றச் சொல்கிறது. ஏட்டில் இருக்கிறது, பார்ப்போம்.

அதுவரை நம் கையில் உள்ளவை: நீளமானதை வெளியே எழுதி ஒட்டுவது, பொத்தானை அழுத்தும்முன் கன்ட்ரோல்-ஏ, கன்ட்ரோல்-சி. விண்டோஸில் கிளிப்போர்டு வரலாற்றை இயக்கி வைத்திருந்தால், விண்டோஸ் விசையும் வி-யும் சேர்த்து அழுத்த, கடைசியாக நகலெடுத்த 25 துண்டுகள் வரை கிடைக்கும். கெடு முடிந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் படிவத்தைத் தொடாதீர்கள். வேறொரு டேபில் அதே தளத்தில் உள்நுழைந்துவிட்டு, பழைய டேபுக்குத் திரும்பிச் சமர்ப்பித்துப் பாருங்கள். வில்லை எல்லா டேப்களுக்கும் பொது என்பதால் சில சமயம் பலிக்கும். படிவத்துக்குள் பழைய செஷனோடு கட்டிய ரகசிய எண் ஒளிந்திருந்தால் பலிக்காது.

எழுதியது சர்வரிலேயே பத்திரமாக ஏறிவிட்டால் கவலை தீர்ந்ததா? மத்திய அரசுப் பணித் தேர்வுகளை நடத்தும், தில்லி ஷாஜகான் சாலை தோல்பூர் ஹவுஸில் இருக்கும் யுபிஎஸ்சி, 2022 ஆகஸ்டில் ‘ஒருமுறைப் பதிவு’ முறையைக் கொண்டுவந்தது. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை விவரங்களைக் கொடுத்தால் போதும், அடுத்தடுத்த தேர்வுகளுக்குத் தானாக நிரம்பும் என்றது. 2025 மே 28 அன்று புதிய விண்ணப்பத் தளம் வந்தது. பழைய பதிவு செல்லாது, எல்லோரும் முதலிலிருந்து தொடங்குங்கள் என்று அறிவிப்பு. வாழ்நாள், மூன்று வருடம்கூட ஓடவில்லை. பழைய விண்ணப்பத்தை, தேர்வுக்குப் படிப்போர் நிறைந்த ஓல்ட் ராஜிந்தர் நகர் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து ஃபைலில் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் அன்றைக்கு வேலை சீக்கிரம் முடிந்திருக்கும்.