வேதியியலா, உயிர்வேதியியலா?

மே, ஜூன் மாதங்களில் சங்க நூலகத்துக்குப் போனால் நிம்மதியாக ஒரு பத்திரிகை படிக்க முடிவதில்லை. "சார், பெண்ணுக்கு மெடிக்கல் கிடைக்காது போலிருக்கிறது. பயோகெமிஸ்ட்ரி போட்டுவிடலாமா?" என்று யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். டில்லியில் ஒரு கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேதியியல் கற்பித்தவன் என்பதால் கேட்கிறார்கள். தனித்தனியே சொல்லி வந்ததை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

பெயரில் 'உயிர்' இருப்பதால் உயிர்வேதியியல் மருத்துவத்துக்குப் பக்கத்து வீடு என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது வேதியியல் வீட்டின் மாடி. கீழ்த்தளம் வழியாகத்தான் ஏற வேண்டும்.

இதை விளக்க வகுப்பில் நான் எடுத்துக்கொள்வது தயிர்ப் பாத்திரத்தை. டில்லி ஜனவரியில் தயிர் உறைய வைக்க நம் வீட்டுப் பெண்கள் படும் பாடு எல்லோருக்கும் தெரியும். கம்பளியில் சுற்றுவார்கள், ஹாட்பேக்கில் வைப்பார்கள், அப்படியும் காலையில் பால் பாலாகவே இருக்கும். அந்தப் பாத்திரத்துக்குள் என்ன நடக்கிறது?

பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. உறை மோரிலுள்ள பாக்டீரியாக்கள் அதை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. இந்த அமிலத்தின் மூலக்கூறு இடக்கை, வலக்கை போல இரண்டு வடிவங்களில் வரும். நம் தசைகளில் உண்டாவது எல் வடிவம். தயிரிலுள்ள சில பாக்டீரியாக்கள் செய்வது டி வடிவம். ஒரே அணுக்கள், ஒரே எண்ணிக்கை, ஆனால் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாது. இது கரிம வேதியியல்.

நல்ல பாலின் பிஎச் ஏறக்குறைய 6.6. அப்போது கேசின் என்ற பால் புரதத்தின் துகள்கள் எதிர்மின்சுமையோடு ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கின்றன. அமிலம் சேரச்சேர பிஎச் இறங்குகிறது. 4.6ஐ நெருங்கும்போது மின்சுமைகள் ஒன்றையொன்று சமன் செய்துவிட, விலக்கும் விசை போய்த் துகள்கள் கூடிக்கொள்கின்றன. தயிர் உறைந்துவிட்டது என்கிறோம். வெப்பநிலை குறைந்தால் வினையின் வேகம் குறையும். நாற்பது டிகிரி வாக்கில் சுறுசுறுப்பாக இருக்கும் பாக்டீரியா, பத்துப் பன்னிரண்டு டிகிரியில் கிடக்கும் நம் சமையலறையில் சோம்பிக் கிடக்கிறது. இது இயற்பியல் வேதியியல்.

இனி கடைசிப் படி. லாக்டிக் அமிலம் உண்டாகும் அந்த இறுதி வினையைச் செய்து முடிப்பது லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி. இதே வேலையைச் செய்யும் நொதி நம் உடம்பிலும் உண்டு. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'எல்.டி.எச்.' என்று பார்த்திருப்பீர்கள், அதுதான். திசுக்கள் சேதமானால் அது ரத்தத்தில் கசிகிறது, அளவு ஏறுகிறது. இந்தப் படிதான் உயிர்வேதியியல். முன் சொன்ன இரண்டும் தெரியாமல் இதை மட்டும் படிப்பவர் நொதிகளின் பெயரை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடலாம். ஜனவரியில் தயிர் ஏன் உறையவில்லை என்று கேட்டால் விழிப்பார்.

(நொதி என்ற தமிழ்ச் சொல் எனக்குப் பிடித்தமானது. நொதித்தலிலிருந்து பிறந்தது. 'என்சைம்' என்ற சொல்லின் கிரேக்க வேரும் புளித்த மாவைத்தான் சுட்டுகிறது. 1897இல் எடுவர்ட் பூஃக்னர் என்ற ஜெர்மானியர் ஈஸ்ட்டை நசுக்கிப் பிழிந்து, உயிரில்லாத அந்தச் சாறும் சர்க்கரையை நொதிக்க வைப்பதைக் கண்டார். உயிருக்கென்று தனியாக ஒரு ரசாயனம் கிடையாது என்பது அதிலிருந்து உறுதிப்பட்டது.)

கல்லூரியில் வேதியியல் ஆனர்ஸ் எடுக்கும் பிள்ளை கரிமம், கனிமம், இயற்பியல் வேதியியல் மூன்றையும் ஆழமாகப் படிக்க வேண்டும். பெட்டிக்குள் அடைபட்ட எலக்ட்ரானின் ஆற்றலைக் கணக்கிடச் சொல்வார்கள். வகை நுண்கணிதம் வராதவருக்கு அங்கேயே தொண்டை அடைக்கும். உயிர்வேதியியல் பிள்ளைக்குப் புரதங்கள், நொதிகள், வளர்சிதை மாற்றம், மரபணுச் செயல்பாடு, நோய் எதிர்ப்பியல் என்று பாடம் விரியும். அங்கே கணிதம் இல்லை என்று எண்ண வேண்டாம். ரத்தத்தின் பிஎச் 7.4. அது 7.1 ஆனால், பார்க்க அற்ப வித்தியாசம். ஆனால் ஹைட்ரஜன் அயனிகள் இரண்டு மடங்காகிவிட்டன என்று பொருள், நோயாளியின் நிலை கவலைக்கிடம். மடக்கை தெரிந்தவருக்குத்தான் அந்த எண் பேசும்.

இரண்டு படிப்பிலும் பாதி உயிர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. வேதியியல் மாணவர் பியூரெட்டும் கையுமாக நிற்பார், படிகம் வடிப்பார், அதன் உருகுநிலை பார்ப்பார். உயிர்வேதியியல் மாணவர் மைக்ரோ பிப்பெட்டால் லிட்டரில் பத்து லட்சத்தில் சில பங்கு எடுப்பார், நிறத்தின் அடர்த்தியைக் கருவியில் அளந்து புரதம் எவ்வளவு என்று சொல்வார். அதே நிறமளக்கும் முறையில்தான் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயும், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அங்கே போன எல்லாப்பிரகடா சுப்பாராவும் 1925இல் பாஸ்பரஸை அளக்கும் வழியை வெளியிட்டார்கள். அந்த வழியே தசையில் பாஸ்போகிரியேட்டினையும், பிறகு 1929இல் உடம்பின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யையும் அவர்கள் கண்டறியத் துணை நின்றது. ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை இன்றும் மாணவர்களின் செய்முறைப் புத்தகங்களில் இருக்கிறது. மருத்துவம் படித்த சுப்பாராவுக்குப் பெயர் வாங்கித் தந்தது துல்லியமாக அளக்கத் தெரிந்த வேதியியல்தான்.

மருத்துவ இடம் கிடைக்காத துக்கத்தோடு உயிர்வேதியியலுக்கு வந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் ஆண்டில் வெப்ப இயக்கவியல் பாடத்தில் சிலருக்கு முகம் தொங்கிவிடும். அடுத்த ஆண்டு நீட் எழுதப் போகிறேன் என்று இரண்டு படகில் கால் வைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டிலும் சறுக்கினார்கள். வகுப்பில் உட்கார்ந்து, இது வேறு படிப்பு என்று ஏற்றுக்கொண்டவர்கள் தேறினார்கள். அவர்களில் சிலர் நன்றாகவே வந்தார்கள். ஆகவே பெண்ணையோ பிள்ளையையோ ஆறுதல் பரிசாக இதில் சேர்க்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பிழைப்பு பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பி.எஸ்ஸி. மட்டும் முடித்தால் கிடைக்கும் வேலையும் சம்பளமும் சொற்பம். மருந்துக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேதியியல் பட்டதாரிகளுக்கு ஓரளவு இடம் உண்டு. மற்றபடி இந்தப் படிப்பில் பி.எஸ்ஸி. ஒரு ஜங்ஷன் மாதிரி. வண்டி மாற வேண்டும். எம்.எஸ்ஸி.க்கு ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் 'ஜாம்' தேர்வு இருக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த முனைவர் படிப்புக்கும் அதன் வழியே போகலாம். பள்ளி முடித்ததுமே ஆராய்ச்சி வழியில் போக விரும்பினால், 2006இல் புனேயிலும் கொல்கத்தாவிலும் தொடங்கி இப்போது ஏழு ஊர்களில் இருக்கும் ஐசர் நிறுவனங்களின் ஐந்தாண்டுப் படிப்பு உண்டு. அதன் நுழைவுத் தேர்வில் உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் நான்கிலும் கேள்விகள் வரும்.

இங்கேதான் நம் டில்லிப் பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சங்கடம். தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவு சர்வ சாதாரணம். இங்கே பத்தாவது முடித்த கையோடு 'மெடிக்கல்', 'நான்-மெடிக்கல்' என்று இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். மெடிக்கல் பக்கம் போன பிள்ளை கணிதத்தை விட்டுவிடுகிறது. டில்லி பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆனர்ஸ் சேரக் கணிதம் தேவை. ஆகவே இரண்டு ஆண்டு கழித்து, வேதியியலா உயிர்வேதியியலா என்று யோசிக்கும்போது ஒரு கதவு ஏற்கனவே சாத்தப்பட்டிருக்கிறது. பதினைந்து வயதில், யாரும் விளக்கிச் சொல்லாமல், பிள்ளை போட்ட ஒரு கையெழுத்தால்.

அதனால் பிளஸ் ஒன் சேரும் பிள்ளை வீட்டில் இருந்தால், ஏப்ரலில் வகுப்பு தொடங்குமுன் பள்ளிக்குப் போய், உயிரியலோடு கணிதத்தையும் கூடுதல் பாடமாக எடுக்க முடியுமா என்று கேளுங்கள். சி.பி.எஸ்.இ. விதிகளில் கூடுதல் பாடத்துக்கு இடம் இருக்கிறது. கால அட்டவணை ஒத்துவராது என்று பள்ளியில் தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். முதல் தடவை 'இல்லை' என்றால் திரும்பிவிடாமல் முதல்வரையே நேரில் பாருங்கள்.