புதுப் பூனைக்கு ஓர் அறை போதும்

காப்பகத்திலிருந்தோ சந்தையோரத்திலிருந்தோ ஒரு பூனையை வீட்டுக்குக் கொண்டு வருபவர்கள் முதல் வாரத்திலேயே சொல்லும் புகார் ஒன்று உண்டு. “சாப்பிட மாட்டேன் என்கிறது. அலமாரிக்கு அடியிலிருந்து வெளியே வருவதே இல்லை. தொடப் போனால் கீறுகிறது.” சிலர் நான்கு நாள் பார்த்துவிட்டு, “இது நமக்கு ஒத்து வராது” என்று திருப்பிக் கொடுத்து விடுகிறார்கள். வேறு சிலர் இருட்டிய பிறகு பெட்டியில் போட்டுச் சந்தைப் பக்கம் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அந்தப் பூனையிடம் எந்தக் குறையும் இல்லை. அதற்குக் கொடுத்த அவகாசம்தான் போதவில்லை.

பினாங்குக்கும் பூனைக்கும் உள்ள உறவை ஊரே அறியும். 2013ஆம் ஆண்டு ஜார்ஜ்டவுன் விழாவின்போது ‘101 காணாமற்போன பூனைக்குட்டிகள்’ என்ற திட்டத்தின் கீழ் சுவர்களில் பூனை ஓவியங்கள் தீட்டப்பட்டன. தெருவில் திரியும் பிராணிகள் மீது மக்களுக்கு இரக்கம் பிறக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். இரக்கப்பட்டு ஜெலுத்தோங்கில் உள்ள பிராணி வதைத் தடுப்புச் சங்கக் காப்பகத்தில் ஒரு பூனையைத் தத்தெடுத்து, பாலம் கடந்து புக்கிட் மெர்தாஜாம் தாமான் வீட்டுக்குக் கொண்டு வந்தாகிவிட்டது. அடுத்து என்ன செய்வது?

மூக்கால் அறியும் வீடு

மனிதன் வீட்டைக் கண்ணால் அடையாளம் காண்கிறான். பூனைக்கு மூக்குதான் முதல் சாட்சி. அதன் கன்னத்திலும் பாதத்திலும் வாசனைச் சுரப்பிகள் உள்ளன. நாற்காலிக் காலிலும் கதவு விளிம்பிலும் கன்னத்தைத் தேய்த்துத் தன் வாசனையைப் பதித்த பிறகே “இது என் இடம்” என்ற நிம்மதி அதற்கு வருகிறது. புது வீட்டில் அந்த வாசனை எங்குமே இல்லை. போதாதற்கு தாளிக்கும் வாசம், தொலைக்காட்சி இரைச்சல், ஓடி வரும் பிள்ளைகள். பூனை ஒளிந்துகொள்வது திமிர் அல்ல, பயம்.

எனவே முழு வீட்டையும் ஒரே நாளில் அதற்குக் காட்டக் கூடாது. ஓர் அறை போதும். ஒரு மூலையில் உணவும் தண்ணீரும், எதிர் மூலையில் மணல் தட்டு, நடுவே ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப் பெட்டி. இந்தப் பெட்டியை அற்பமாக எண்ணக் கூடாது. நெதர்லாந்தில் ஒரு காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் ஒரு பகுதிக்கு மட்டும் ஒளியும் பெட்டி கொடுத்து உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தினர் கவனித்தார்கள். 2014இல் வெளியான அந்த ஆய்வின்படி, பெட்டி கிடைத்த பூனைகளின் பதற்றம் முதல் சில நாள்களிலேயே தணிந்தது. மற்றவை அந்த நிலைக்கு வர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆயின.

வந்தவுடன் குளிப்பாட்டுவதும், பினால் வகைக் கிருமிநாசினியால் தரையைத் துடைப்பதும் வேண்டாம். முன்னது இருக்கும் வாசனையையும் கழுவிவிடும். பின்னது பூனைக்கு நஞ்சு. வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையும் அந்த அறைப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம்

பிராணிக் காப்பகங்களில் சொல்லப்படும் எளிய கணக்கு இது. பயம் தெளிய 3 நாள், வீட்டு நடைமுறை பழக 3 வாரம், குடும்பத்தில் ஒன்றாக 3 மாதம். ஒவ்வொரு பூனைக்கும் இது கூடும், குறையும். அதுவரை துரத்திப் பிடித்து மடியில் வைக்கக் கூடாது. பிள்ளைகள் அறையில் அமைதியாக உட்கார்ந்து பாடம் படிக்கலாம். பூனை தானாக வந்து முகரட்டும். கண்களை மெல்லச் சுருக்கித் திறப்பதும் நட்புச் செய்திதான். அப்படிச் செய்தபின் கை நீட்டிய அந்நியரிடம்கூட பூனைகள் கூடுதலாக நெருங்கின என்று பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் தெரிவித்தனர்.

வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால் இரண்டையும் உடனே சந்திக்க விடக் கூடாது. நோய் பரவாமலிருக்க இரண்டு வாரம் பிரித்து வைத்து, இடையில் மருத்துவரிடம் காட்டி, பிறகு ஒன்றின் படுக்கைத் துணியை மற்றதன் அறையில் போட்டு வாசனையைப் பழக்க வேண்டும். மணல் தட்டு பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக இருக்கட்டும்.

பாட்டி கொடுக்கும் பால்

பூனை என்றால் பால் என்பது நம் வீடுகளில் ஊறிய பழக்கம். ஆனால் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்குதான் மிஞ்சும். வெங்காயமும் பூண்டும் சேர்ந்த குழம்புச் சோறு பூனையின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். காய்ச்சல் போலிருக்கிறதே என்று பனடோல் கொடுத்தால் உயிரே போய்விடும். லில்லிப் பூவும் அப்படியே. சிறுநீரகம் செயலிழந்துவிடும்.

முதல் நாள் சரியாகச் சாப்பிடாதது பெரிதல்ல. இரண்டு நாள் எதுவுமே தொடவில்லை என்றால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். பட்டினி நீடித்தால், குறிப்பாகப் பருத்த பூனைகளுக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். நலமாக இருந்தாலும் முதல் வாரத்தில் ஒருமுறை காட்டி, பூச்சி மருந்து, தடுப்பூசி, கருத்தடை பற்றிக் கேட்டுக்கொள்வது நல்லது.

கதவும் பட்டாசும்

தரை வீடுகளின் இரும்புக் கதவுக் கம்பிகளுக்கிடையே பூனை எளிதில் நுழைந்துவிடும். வாசலில் கால்வாய், அப்பால் சாலை. குறைந்தது மூன்று வாரமாவது வெளியே விடக் கூடாது. பழகுமுன் ஓடிய பூனைக்குத் திரும்பி வர வழி தெரியாது. எப்போதும் வீட்டுக்குள்ளேயே வளர்ப்பது இன்னும் பாதுகாப்பு. அடுக்குமாடியில் சன்னலுக்கு வலை அவசியம்.

நாளும் பார்க்க வேண்டும், பஞ்சாங்கத்துக்காக அல்ல, சத்தத்துக்காக. தீபாவளி, சீனப் புத்தாண்டு, புக்கிட் மெர்தாஜாம் பட்டணத்தில் பெரிய அளவில் நடக்கும் ஏழாம் மாத ஆவிகள் விழா ஆகியவற்றுக்கு முந்தின வாரம் புதுப் பூனை கொண்டு வர ஏற்ற நேரமல்ல. விழா முடிந்து ஊர் அடங்கட்டும்.

2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் பிராணி வதைக்கு 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதமும், மூன்றாண்டு வரை சிறையும் விதிக்க இடம் தருகிறது. சட்டம் கொடுமையைத் தண்டிக்கும். பொறுமையை அது கற்றுத் தராது, குடும்பம்தான் தர வேண்டும். சந்தையில் விடப்பட்ட பூனைக்கு மறு வாய்ப்பு கிடைப்பது அரிது. தத்தெடுக்கும் முன் வீட்டில் எல்லோரும் கூடி ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளட்டும்: மூன்று மாதம் காத்திருக்க நம்மால் முடியுமா? முடியும் என்றால் அந்த அறையை இன்றே ஒழுங்கு செய்யலாம்.